உள்ளே போட்ட சூடு

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. அன்று காலை வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கிய முதல் ஜீப்பில் முன் இருக்கை காலியாக வந்தது. பின்னாலோ மூச்சு விட இடமில்லை. கால்களுக்கு நடுவே கடுக்காய் மூட்டை, பலாப்பழம், கால் கட்டிய இரண்டு கோழிகள். ஏணியைப் பிடித்துக்கொண்டு வெளியே தொங்கியவர்கள் வேறு. அப்படியும் முன்னால் போய் உட்கார ஒருவருக்கும் மனம் வரவில்லை.

தெய்வசிகாமணியின் வண்டியில் அது சட்டம். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை நோயாளிக்கு. பிரசவத்துக்குப் போகிற பெண்ணுக்கு. வண்டியில் அப்படி ஒருவர் இருந்தால் வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். அன்று வண்டியில் நோயாளி இருந்தாள். ஆனால் அவள் பின்னால் கடுக்காய் மூட்டையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் சின்னப்பொண்ணு. ஓட்டுநரின் மனைவி.

"முன்னால வந்து குந்து புள்ள," என்றார் சிகாமணி, கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு.

"நோயாளி குந்துற எடத்துல நான் இன்னாத்துக்குக் குந்தணும்? எனக்கு இன்னா கேடு?"

"ஆஸ்பத்திரிக்குத்தான போற?"

"போறேன். அதுக்காவ முன்னால குந்தி ஊருக்கே தமுக்கடிக்கணுமா?"

கோழிகளைக் கொண்டுவந்தவர் பெயர் பாவாடை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே அவர் சொன்னார்: "சிகாமணி, உன் வண்டியிலயே உன் பேச்சு எடுபடல. பிரேக்காவது புடிக்குதா பாருப்பா."

வண்டியே குலுங்கிச் சிரித்தது. சின்னப்பொண்ணுதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். சிகாமணி கியரை மாற்றி வளைவில் ஹாரன் அடித்தார். காலி இருக்கையின் கிழிந்த ரெக்சின் வழி நெடுக அவருக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டே வந்தது.

சிகாமணிக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. மலையில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுக் காலத்தில் கோமுகி அணைப் பக்கம் இறங்கி, கூலிக்கு வெட்டிவிட்டு மழைக்கு முன் ஏறி வருவார்கள். சிறுவயதில் ஒருநாள் அப்பாவுக்கு வயிற்று வலி. மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் தூளியின் கனம் கூடியது. தூக்கியவர்களுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் சுமந்தார்கள்.

அதன் பிறகு கரும்பு லாரியில் கிளீனராகப் போனார், ஓட்டக் கற்றார், பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். பாம்பு கடித்தவர், மரத்திலிருந்து விழுந்தவர், நிறைமாதக்காரி என்று மலை எத்தனையோ பேரை அந்த முன் இருக்கையில் வைத்து இறக்கியிருக்கிறது. பிள்ளை ஒன்று வண்டிக்குள்ளேயே பிறந்தது. நல்ல பெயர் வைத்தும் ஊர் இன்றைக்கும் அவனை 'ஜீப்பு' என்றுதான் கூப்பிடுகிறது. யாரையும் தாமதமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்ற பேச்சு சிகாமணிக்கு இருந்ததில்லை.

சின்னப்பொண்ணு சாமைக்காட்டுக்காரி. வாய் துடுக்கு. வலது மணிக்கட்டில் அவளுக்கு மூன்று தழும்புகள் உண்டு. மஞ்சள்காமாலை வந்தபோதெல்லாம் அண்ணன் ஆதிமூலம் போட்ட சூடு. ஆதிமூலம் அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சூடு போடுகிறவர். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஒரே ஒரு தொடல், அவ்வளவுதான். அதற்கு ஒரு விரதமும் உண்டு. சூடு போட்டுக்கொண்டவர் அந்த ஆண்டுப் புதுச் சாமைச் சோறு தின்னும்வரை மலையை விட்டு இறங்கக் கூடாது. சூடு பட்ட இடத்தை இன்னொரு வைத்தியக் கண் பார்க்கக் கூடாது. மூன்று முறையும் சின்னப்பொண்ணு விரதத்தைக் காத்தாள். மூன்று முறையும் எழுந்து நடமாடினாள். அவளுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

அந்த ஆண்டு சித்திரையிலிருந்து ரவிக்கை தொளதொளத்தது. களை எடுக்கும்போது நடுவில் உட்கார்ந்துகொண்டாள். மகள் தனுஷா கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் படிக்கிறவள். விடுமுறைக்கு வந்தவள் அம்மாவின் கழுத்தெலும்பைப் பார்த்துவிட்டுக் கையோடு அரசு மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். அங்கே வயிற்றை ஸ்கேன் செய்துவிட்டுச் சேலத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த வெள்ளிக்கிழமைப் பயணம் சேலத்துக்குத்தான்.

சேலத்தில் டாக்டர் பெயர் எழில்மதி. திருநாவலூர்ப் பக்கத்துப் பெண். அதனால் அவர் பேச்சு இவர்களுக்குப் புரிந்தது, இவர்கள் பேச்சு அவருக்கும் புரிந்தது. முதலில் சிகாமணியையும் தனுஷாவையும் மட்டும் உட்காரவைத்துச் சொன்னார்.

கல்லீரலில் ஒரு கட்டி. இரண்டரை சென்டிமீட்டர். கெட்ட கட்டி. ரத்தத்தில் பல வருடமாக மஞ்சள்காமாலைக் கிருமி இருந்து கல்லீரலைச் சுருக்கியிருக்கிறது. வெட்டி எடுத்தால் மிச்சக் கல்லீரல் தாங்காது.

"அப்ப வழியே இல்லீங்களா?" என்றார் சிகாமணி.

"இருக்குங்க. கட்டி சின்னது. அதை அங்கியே வேக வெச்சிடலாம்."

வயிற்றில் சின்னச் சின்னதாக நாலு துளை. ஒன்றின் வழியே கேமரா போகும். கட்டி இரைப்பையை ஒட்டி இருப்பதால் வெளியிலிருந்து குத்தினால் இரைப்பையும் வெந்துவிடலாம். அதனால் உள்ளே பார்த்துக்கொண்டே இரைப்பையை ஒதுக்கிப் பிடித்து, கட்டியின் நடுவில் நீளமான ஊசி ஒன்றை இறக்குவார்கள். ஊசி முனையிலிருந்து மைக்ரோவேவ் அலை வரும். சதையில் இருக்கிற தண்ணீரை அது உலுக்கும், உலுக்கினால் சூடாகும், சூட்டில் கட்டி செத்துவிடும்.

"பேக்கரியில பப்ஸ் சூடு பண்ற பொட்டி இருக்குமே, அதுங்களா?" என்று கேட்டார் சிகாமணி. கச்சிராயபாளையம் பேருந்து நிலையப் பேக்கரியில் அவர் தினமும் டீ குடிக்கிறவர்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அதே அலைதாங்க. இங்க பொட்டி வெளிய இருக்கும், ஊசி உள்ள போவும்."

சின்னப்பொண்ணுவிடம் அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. வார்டுக் கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஊசியில கரண்டு வுடுவாங்களா?"

"கரண்டு இல்ல புள்ள. அலை."

"கடல் அலையா? இன்னாய்யா சொல்ற, வாயில வந்ததெல்லாம். நான் வூட்டுக்குப் போறேன். சாமைக்குக் களை எடுக்கணும்."

"அம்மா, அவங்க சொல்றதக் கேளும்மா," என்றாள் தனுஷா.

"நீ சும்மா கெட. கீழ வந்து படிச்சதுல இருந்து உனக்கு எல்லாம் தெரியும்."

அவள் கட்டிலை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடினாள். செவிலியர் ஒப்புதல் தாளோடு வாசலில் நின்றிருந்தார். மறுநாள் காலை முதல் ஆபரேஷன் இவளுடையது. இன்று முடியாது என்றால் அடுத்த முறை எப்போது என்று தெரியாது என்றும் சொல்லியிருந்தார்கள். சிகாமணி மனைவியின் கையைப் பிடித்தார். மணிக்கட்டு கைக்குள் வந்தது. பெருவிரலுக்கு அடியில் அந்த மூன்று தழும்புகள்.

அந்த நொடியில்தான் அவருக்கு வார்த்தை கிடைத்தது.

"சூடு புள்ள. சூடுதான் போடுறாங்க. உன் அண்ணன் கையில போட்டாரு. இவங்க காமாலை இருக்கற எடத்துலயே போடுறாங்க. உள்ள."

சின்னப்பொண்ணு செருப்பைத் தேடுவதை நிறுத்தினாள். தழும்பைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பார்த்தாள்.

"ஈரல்லயா?"

"ஈரல்லதான்."

"அப்புடிச் சொல்ல வேண்டிதான. அலைங்கற, பப்ஸுங்கற." கட்டிலில் மறுபடி ஏறி உட்கார்ந்தாள். "அப்ப வெரதமும் அதேதான?"

செவிலியர் பேனாவை நீட்டினார்.

"அதேதான்," என்றார் சிகாமணி.

"என் தலையில அடிச்சிச் சொல்லு. பொறவு அங்க வா, இங்க வான்னு இழுக்கக் கூடாது."

அவள் தலையில் கை வைத்துச் சொன்னார். தனுஷா அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். சின்னப்பொண்ணு கைநாட்டு வைக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் பெயரையே எழுதினாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. டாக்டர் எழில்மதி வெளியே வந்து செல்போனில் படம் காட்டினார். செம்பழுப்பாய்ப் பளபளக்கிற ஈரல். அதற்குள் இறங்கிய ஊசி. ஊசியைச் சுற்றி ஒரு வட்டம் மெல்ல வெளுத்துக்கொண்டு போனது, கொதிக்கிற குழம்பில் போட்ட ஈரல் வெளுக்கிறது போல. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள்.

"வெள்ளையா தெரியுதே, அதான் வெந்த எடம். கட்டியைச் சுத்திக் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து வேக வெச்சிருக்கோம், ஓரத்துல ஒண்ணும் தங்கிடக் கூடாதுன்னு. ஆனா வெந்துடுச்சா, தங்கிடுச்சான்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாதுங்க. ஒரு மாசம் கழிச்சி ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். தங்கி இருந்தா அந்த எடத்துல மட்டும் இன்னொரு ஊசி. ஆபரேஷனைவிட அந்த ஸ்கேன் முக்கியம். புரியுதுங்களா?"

"புரியுதுங்க," என்றார் சிகாமணி. புரியவும் செய்தது.

மலைக்குத் திரும்பும்போதும் சின்னப்பொண்ணு பின்னால்தான் உட்கார்ந்தாள்.

ஆதிமூலத்திடம் குடல்வால் ஆபரேஷன் என்று சொன்னார்கள். அது சின்னப்பொண்ணுவின் முடிவு. "எங்க அண்ணன் உசுரோட இருக்கும்போது வேற கையில சூடு வாங்கிக்கினேன்னு தெரிஞ்சா வூட்டு வாசல் மிதிக்க மாட்டாரு," என்றாள். ஆதிமூலம் வந்து பார்த்தார். தேன் ஒரு பாட்டில் வைத்துவிட்டுப் போனார். தங்கையின் வயிற்றுத் துளைகளை அவர் பார்க்கவில்லை, கேட்கவுமில்லை.

விரதம் தொடங்கியது. சின்னப்பொண்ணு அதைக் குறையில்லாமல் செய்தாள். அண்ணனுக்குத் தெரியாமல் செய்த குற்றத்துக்கும் சேர்த்து ஈடு கட்டுகிறவள் மாதிரி இருந்தது. கிராமச் செவிலியர் தையலைப் பார்க்க வந்தபோது சேலையை இழுத்து மூடிக்கொண்டு, "ஆறிடுச்சிம்மா, ஆறிடுச்சி" என்று வாசலிலேயே மோர் கொடுத்து அனுப்பினாள்.

ஆகஸ்டு நடுவில் ஸ்கேன் நாள் வந்தது. அதற்கு முந்தின நாள் சேலத்திலிருந்து போன். சிகாமணி கச்சிராயபாளையத்தில் டீக்கடையில் நின்றிருந்தார்.

"சார், நாளைக்குச் சின்னப்பொண்ணு அம்மாவைக் கூட்டிட்டு வர்றீங்கள்ல?"

"வண்டி ரிப்பேருங்க மேடம். அடுத்த வாரம் வந்துடுறோம்."

வண்டி எதிரில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் ஆள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொல்லிப் பார்த்தார். சின்னப்பொண்ணு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"படம் புடிக்கத்தான் கூப்புடுறாங்க புள்ள. ஊசி கூட இல்ல."

"படம் புடிச்சா கண்ணு பார்க்கறதுதான? தலையில அடிச்சிச் சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"என் தலைய்யா அது. உன் தலை இல்ல. வெரதம் முறிஞ்சா எனக்குத்தான்." முறத்தைத் தட்டி உமியை ஊதினாள். "எனக்கு இன்னா இப்ப? சோறு துன்றேன். காட்டுக்குப் போறேன். ரவிக்கை பிடிக்க ஆரம்பிச்சிருக்கு, பாரு."

பிடிக்கத்தான் ஆரம்பித்திருந்தது. கன்னத்தில் சதை வந்திருந்தது. பின்னால் உட்கார்ந்து பாவாடையோடு சரிக்குச் சரி வாயாடுகிற பழைய சின்னப்பொண்ணு திரும்பியிருந்தாள். செத்துப்போன கட்டி செத்துத்தானே போயிருக்கும் என்று சிகாமணியும் நினைத்தார். அதற்கு அடியில் இன்னொரு நினைப்பும் இருந்தது. போகாதவரை டாக்டர் ஒன்றும் சொல்ல முடியாது.

தனுஷா விடவில்லை. வார இறுதியில் ஏறி வந்து அப்பாவைத்தான் பிடித்தாள்.

"ஊர்ல யாருக்குத் தலைவலின்னாலும் தூக்கி முன் சீட்ல போட்டுக்கினு பறக்கற. அம்மாவை இட்டுக்கினு போவ முடியல உனக்கு."

"மனசு ஒப்பணும்ல பாப்பா."

"தூக்கிப் போட்டுக்கினு போ."

"உங்க அம்மாவையா? நீ தூக்கு, நான் ஓட்டறேன்."

அவர் சிரிக்கவைக்கப் பார்த்தார். தனுஷா சிரிக்கவில்லை. "ஆதிமூலம் மாமாகிட்ட நான் போய்ச் சொல்லட்டா? அவரு சொன்னா அம்மா கேக்கும்."

"சொல்லிக் கில்லி வெக்காத. குடும்பம் ரெண்டாப் பூடும். சாமை அறுத்து ஒரு வாய் துன்னதும் மறுநாளே இட்டுக்கினு போறேன். இது சத்தியம்."

போனில் சொன்ன பொய்க்குப் பிறகு, அந்த ஆவணியில் அவர் செய்த இரண்டாவது தவறு அது. மகள் அவர் பேச்சைக் கேட்டாள்.

சிகாமணி ஓட்டிக்கொண்டே இருந்தார். காலையில் இறங்கினார், மதியம் ஏறினார், சாயங்காலம் மறுபடி இறங்கினார். புரட்டாசியில் தேள் கொட்டிய கிழவர் ஒருவரை மழையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நிறைமாதக்காரி ஒருத்தியைச் சேர்த்தார். சேலத்திலிருந்து வந்த போன்களை எடுத்தார், பிறகு எடுக்காமல் விட்டார். தினம் மலை இறங்குகிறவரின் வீட்டில், இறங்க வேண்டிய ஒரே ஆள் சாமைக்கதிர் முற்றுவதைப் பார்த்துக்கொண்டு மேலேயே இருந்தாள்.

ஐப்பசியில் மறுபடி ரவிக்கை தொளதொளத்தது. வயிறு மட்டும் உப்பியது. "வாயு," என்றாள். ஓமம் வறுத்துத் தின்றாள். இப்போதாவது போகலாம் என்று சிகாமணி சொன்னபோது, "இத்தினி நாளு காத்தாச்சி, இன்னும் ஒரு பத்து நாள்ல அறுப்பு. கரைக்கு வந்து முழுகணுமா?" என்றாள். அதில் ஒரு நியாயம் இருப்பதுபோல் அவருக்கும் பட்டது.

கார்த்திகையில் புதுச் சாமை பொங்கினார்கள். ஆதிமூலம் குடும்பத்தோடு வந்திருந்தார். அவரைத்தான் சின்னப்பொண்ணு முதல் பிடியை இலையில் வைக்கச் சொன்னாள். ஏன் என்று அவருக்குத் தெரியாது. மொச்சைக் குழம்பு ஊற்றி இரண்டு வாய் தின்றாள். மூன்றாவதை வாய்க்குக் கொண்டுபோய்விட்டு இலையிலேயே வைத்தாள்.

"இன்னாம்மே, உப்பு ஜாஸ்தியா?" என்றார் ஆதிமூலம்.

"இல்லண்ணா. போதும்."

மறுநாள் விடிந்ததும் சிகாமணி வண்டியைத் துடைத்து நிறுத்தினார். பின்னால் ஆட்கள் ஏறியிருந்தார்கள். பாவாடை தன் பக்கத்தில் கோழியை நகர்த்திச் சின்னப்பொண்ணுவுக்கு இடம் போட்டு வைத்திருந்தார். அவள் வீட்டிலிருந்து வந்தாள். பின்பக்கம் போகவில்லை. முன்கதவைத் திறந்து, கம்பியைப் பிடித்து ஏறி, கிழிந்த ரெக்சினின் மேல் உட்கார்ந்தாள்.

பாவாடை நகர்த்திய கோழியைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டார். மலை முழுக்க இறங்கும்வரை ஹாரனைத் தவிர வேறு சத்தம் இல்லை.

சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் எழில்மதி திட்டவில்லை. அதுவே சிகாமணியைப் பயமுறுத்தியது. அவர் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். வெந்த இடம் கருப்பாக, வட்டமாக, ஒழுங்காக இருந்தது. வட்டத்தின் ஒரு ஓரத்தில் மட்டும் பிறை மாதிரி ஒன்று. அந்தப் பிறையிலிருந்து கிளம்பி, பெரிய ரத்தக் குழாய்க்குள் புகுந்து, ஈரல் முழுக்கப் பரவியிருந்தது.

"இன்னொரு ஊசி போடுவோம்னு சொன்னீங்களே," என்றார் சிகாமணி.

"ஓரத்துல மட்டும் இருந்தா போடலாங்க. குழாய்க்குள்ள போயிட்டதை வேக வெக்க முடியாது."

"ஆவணியிலேயே வந்திருந்தா?"

டாக்டர் திரையை அணைத்தார். "உறுதியாச் சொல்ல முடியாதுங்க. எவ்வளவு செஞ்சும் கைமீறிப் போறதும் உண்டு." பிறகு, பொய் சொல்லி அனுப்ப மனம் வராதவராக, "ஆனா ஓரத்துல மட்டும் இருந்திருந்தா, கட்டாயம் இன்னொரு தடவை போட்டிருப்பேன்," என்றார்.

மாத்திரை கொடுத்தார்கள். வலிக்கு மருந்து கொடுத்தார்கள். வயிற்றுத் தண்ணீரை எடுத்துவிட்டார்கள். வீட்டு ஆட்கள் எல்லோரும், கூடப் பிறந்தவர்கள் உட்பட, ரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிற கிருமி அது.

திரும்பும் வழியில், மலை ஏற ஆரம்பித்ததும், சின்னப்பொண்ணு கேட்டாள்: "சூடு சரியா புடிக்கலியாமா?"

"ஓரத்துல கொஞ்சம் புடிக்கலியாம்."

"நான் வெரதத்துல ஒரு கொறையும் வெக்கலியே." யோசித்தாள். "அண்ணன்கிட்ட மறைச்சதுதான் குத்தம் போல."

அவர் வண்டியை ஓரம் கட்டினார். விரதம் என்றது பொய், அவளிடம் தாளில் பெயர் எழுதி வாங்கத் தான் சொன்ன பொய் என்று சொல்லிவிட நினைத்தார். சொன்னால் அவள் நம்பிக் காத்த நாலு மாதமும் வீண் என்று ஆகும். அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணை மூடி, தலையைக் கதவுக் கம்பியில் சாய்த்திருந்தாள். மறுபடி வண்டியைக் கிளப்பினார்.

சின்னப்பொண்ணு மாசி மாதம் ஒரு மதிய வேளையில் வீட்டில் இறந்தாள். கடைசி நாட்களில் பேச்சு குழம்பிவிட்டது. களை எடுத்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆயிற்று என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

காரியம் முடிந்த பிறகு ஆதிமூலம் போகாமல் உட்கார்ந்திருந்தார். உடம்பைக் குளிப்பாட்டிய பெண்கள் வயிற்றில் நாலு தழும்பு இருந்ததாகச் சொல்லியிருந்தார்கள். "குடல்வாலுக்கு மேல இன்னாத்துக்கு ஓட்டை போட்டாங்க?" என்று கேட்டார்.

சிகாமணி எல்லாவற்றையும் சொன்னார். ஊசியை, அலையை, மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்துத் தனக்கு வார்த்தை கிடைத்ததை, தலையில் கை வைத்ததை, புதுச் சாமை வரை காத்ததை.

ஆதிமூலம் கம்பி பிடித்துக் காய்த்த கையை முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வெரதம் இன்னாத்துக்குன்னு தெரியுமா உனக்கு?"

"பெரியவங்க வெச்சது."

"எங்கப்பன் வெச்சது. சூடு போட்டு வுட்டா மறுநாளே கரும்பு வெட்ட எறங்கிடுவானுங்க. கரும்புத் தோகை கிழிச்சி, சேறு பட்டு, புண்ணு சீழ் வெச்சிக் கையே போவும். எறங்காதடான்னா எவன் கேக்கறான்? அதுக்குத்தான் வெரதம்னு சொன்னாரு. சாமை அறுக்கறதுக்குள்ள புண்ணு ஆறிடும். வேற வைத்தியன் பார்த்தா கண்ட பச்சிலையை அரைச்சி அப்புவான், அதுக்குத்தான் பார்க்கக் கூடாதுன்னது." மூச்சு வாங்கினார். "உள்ள போட்ட சூட்டுக்கு இன்னாடா வெரதம்? அங்க இன்னா சேறு படப்போவுது?"

ஆதிமூலம் அவர் பக்கம் திரும்பினார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா மச்சான்."

"நீ கோவிச்சிக்குவன்னு..."

"கோவிச்சிக்குவேன். ஆமா. நாலு வார்த்தை திட்டிட்டு ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அவ்ளோதான? மூணாம் நாள் நானே அவளைத் தூக்கியாந்து உன் முன் சீட்ல போட்டிருப்பேன்." கையைத் திருப்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியாமயே என் கையால சோறு வாங்கித் துன்னுட்டுப் பூட்டாளே."

உள்ளே தனுஷா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது. அவள் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு சிகாமணி ஒரு மாதம் வண்டி எடுக்கவில்லை. ஊரில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்த அன்று பாவாடைதான் வந்து சாவியைக் கேட்டார். "எனக்கு ஓட்டத் தெரியாது. நீ வரலன்னா நான் உருட்டிக்கினுதான் போவணும்," என்றார். சிகாமணி எழுந்து போனார். முன் இருக்கையில் ஆளை ஏற்றிப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். திரும்பும்போது அது காலியாக வந்தது. சாலையைப் பார்ப்பதை விட்டு அதைப் பார்த்ததில், தெரிந்த வளைவு ஒன்றிலேயே ஹாரன் அடிக்க மறந்துபோனார்.

தனுஷாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அம்மாவிடம் இருந்த கிருமி அவளிடமும் இருக்கிறது. ரத்தத்தைப் பார்த்தவரை இப்போதைக்கு ஈரலுக்கு ஒன்றும் இல்லை என்கிறார்கள். மருந்து எப்போது தொடங்குவது என்று பார்ப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் மட்டும் தவறக் கூடாது. ஆதிமூலம் இதுவரை எந்த மருத்துவமனைக்கும் போனதில்லை.

வரும் திங்கட்கிழமை தனுஷாவுக்கு முதல் ஸ்கேன். அன்றைக்கே ஆதிமூலத்துக்கும் ரத்தம் எடுக்கிறார்கள். முதல் நடையில் இருவரும் இறங்குகிறார்கள். இரண்டு பேருமே பின்னால்தான் உட்காருவோம் என்று சொல்லிவிட்டார்கள்.